உன் அப்பா எழும்பி நடந்த கூட்டம்

சேசு மரி சூசை துணை

1955 மே 23, திங்கள்

என் அன்பு மகன் கிளீட்டசுக்கு அம்மை பிரகாசி எழுதுறது. மாதாவின் இரக்கத்துல இஞ்ச எல்லாருக்கும் உடம்புக்கு சுகம், நீயும் பம்பாயில வேளைக்கு உண்டு உறங்கி சுகமா இருப்பேன்னு நம்புறேன். உடம்புக்கு சுகம்னுதான் எழுதினேன், மனசுக்கு இல்ல மக்கா, மனசு கொதிச்சுக்கிட்டு கிடக்கு. ஒரு வாரமா எழுத உக்காருவேன், கோவத்துல கை ஓடாது, எழும்பிப் போயிருவேன். இன்னைக்கு இதை முடிச்சிட்டுத்தான் அடுப்பு மூட்டுறதுன்னு உக்காந்திருக்கேன். முதல்ல நல்ல சேதியைச் சொல்லிருதேன். முட்டத்துல உன் தங்கச்சி அமலோற்பவம் பெண்பிள்ளை பெத்திருக்கா, தாயும் பிள்ளையும் சுகம், பிள்ளைக்கு அப்படியே உன் மூக்கு. மழைக்கு முன்னால கூரையைப் பிரிச்சு புது ஓலை மேஞ்சாச்சு. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுது, ஒண்ணு பிழைக்கல்ல.

இனி உன் அப்பா காரியம். வாதம் அடிச்சு விழுந்து ஒரு மாசத்துல நீ வண்டி ஏறிட்ட, அப்போ அவரு பாயில கிடந்ததைத்தான் நீ பாத்தது. வைத்தியர் தைலம் போட்டு உடம்பைப் பிடிச்சு உழிச்சில் நடத்தினதுல வலது கால் கொஞ்சம் உயிர் வந்து, இப்போ இடது கையில கம்பு ஊணி, காலை இழுத்து இழுத்து கடற்கரை வரைக்கும் தனியாப் போவாரு. வலது கை தொங்கினது தொங்கினதுதான். பேச்சும் வரல்ல. வாயில ஒரே ஒரு சொல்தான் நிக்குது, அவரு மீன் ஏலம் முடிக்கும்போது, இந்த விலைக்கே போகட்டும்னு சொல்ற அந்த “சரி, போட்டு”. தண்ணி வேணும்னாலும் சரி போட்டு, வேண்டாம்னாலும் சரி போட்டு, கஞ்சியில உப்பில்லன்னு என்னை ஏசுறதும் சரி போட்டுதான். எனக்கு அந்த வாய் தேவையில்ல, முகத்தைப் பாத்தா விளங்கும், இடது கை சொன்னா விளங்கும். வந்து இருந்து பாக்கிற ஆளுக்கு ரெண்டு நாள்ல விளங்கும். வந்து இருக்கத்தான் ஆளில்ல.

நீ தூரத்துல கிடந்து சங்கடப்பட வேண்டாம்னு இதையெல்லாம் எழுதாம இருந்தேன். ஏலம் விளிக்கிற வேலை வேற ஆளுக்குப் போனதுக்கு நான் யாரையும் குறை சொல்லல்ல, குரல் இல்லாம ஏலம் நடத்த முடியாது. ஆனா மக்கா, குரல் போனா ஆளும் போச்சா? கலியாணத்துக்கு விளிக்க வாறவிய வாசல்ல நின்னு, நீ மட்டும் வந்தா போதும் அக்கா, அண்ணனுக்கு எதுக்கு சிரமம்னு சொல்லிட்டுப் போறாவ, அவரு உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காரு. கோயில்ல பீடத்துக்கு நேரா முட்டுகுத்தின மனுசனை, பின் வாசல் பக்கம் ஸ்டூல் போட்டு, இதுதான் உங்களுக்கு வசதின்னு உக்கார வச்சாவ. அவரு முன்னாலேயே என்கிட்ட, மத்தியாசண்ணனுக்கு ஆளை அடையாளம் தெரியுமான்னு கேக்குறாவ. உன் அடையாளம் நல்லாத் தெரியும், அதான் முகத்தைத் திருப்பிக்கிட்டாருன்னு ஒருத்திகிட்ட நானே சொல்லிட்டேன், அவ இப்போ என்கிட்ட பேசுறதில்ல, பேசாண்டாம்.

இதுக்கெல்லாம் மேல ஊர்க்கூட்டம். வீட்டுக்கு ஒரு ஆளுன்னு கொடிமரத்தடியில கூடுற கூட்டத்துல நம்ம வீட்டுக்கு உக்காந்தது உன் அப்பா. விழுந்த பிறகு வந்த முதல் கூட்டத்து அன்னைக்கு உன் சித்தப்பா ஜான்ரோஸ் வந்து, அண்ணே, உனக்குப் பதிலா நான் போய் இருக்கட்டுமான்னு கேட்டான். அவரு தலையை ஆட்டி இல்லன்னாரு, கையை வீசியும் காட்டினாரு, ஆனா வாய் சரி போட்டுன்னு சொல்லிப்போட்டுது. இவன் உடனே, கேட்டியா அண்ணி, அண்ணன் சம்மதிச்சாச்சுன்னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான். தலை ஆடினதை அவன் பாத்தான் மக்கா, நான் பாத்தேன் அவன் பாத்ததை. அன்னையிலிருந்து கூட்டத்துல மத்தியாஸ் வீட்டுக் கை ஜான்ரோஸ் கைதான்.

தை மாசத்துல திருவனந்தபுரத்திலிருந்து டாக்டர்மாரு வந்து, வாதம் அடிச்சுப் பிழைச்ச ஆளுகளைப் பற்றி ஆராய்ச்சி நடத்துறாவ, தக்கலையில ஒரு பள்ளிக்கூடத்துல வச்சுப் பாக்குறாவன்னு கேள்விப்பட்டேன். நீயும் பம்பாயிலிருந்து, எப்படியாவது ஒரு பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு எழுதியிருந்தே. கருங்கல் வரைக்கும் வில்வண்டி, அங்கேயிருந்து பஸ். போனோம். வெயில்ல முற்றத்துல பெஞ்சு போட்டு எங்களை வரிசையா இருத்தினாவ. அடுத்து இருந்தது செல்லக்கனின்னு ஒரு பொம்பிளை, பனங்காட்டுப் பக்கத்து ஊர், மகன் கொண்டுவந்து விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டான். பேச்சுக் குழறினாலும் பேசுனா. கிணத்தடிக்குப் போயி வருசமாச்சு அக்கா, வாளி சத்தத்தையும் பொம்பிளைகள் சிரிக்கிறதையும் உள்ள கிடந்தே கேக்குறேன், யாராவது ஒருத்தி எட்டிப் பாப்பாளான்னு இருக்கும்னா. அதுக்கடுத்து இருந்த ஆளைப் பாத்ததும் உன் அப்பா கம்பைத் தரையில தட்டினாரு. தேங்காப்பட்டணம் பக்கீர் முகம்மது முதலாளி! நம்ம கரைக்கு வந்து கருவாட்டுக்கு மீன் எடுத்தவரு, ஏலத்துல உன் அப்பாகூட வாய்ச்சண்டை போடாத நாள் கிடையாது. அவருக்கு இடது பக்கம் விழுந்துபோச்சு, பேச்சு மட்டும் பழையபடி. மத்தியாசே, நீ என் தலையில கட்டின அழுகல் சாளைக்கெல்லாம் இன்னைக்குப் பதில் சொல்லு, இப்போதான் நீ எதிர்த்துப் பேச முடியாதுன்னாரு. உன் அப்பா சிரிச்சாரு மக்கா. விழுந்த பிறகு அவரு வயிறு குலுங்கச் சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான். முதலாளியும் பிறகு மெதுவா, கடையில என் பாயை நான் பெத்த மக்கள் எடுத்து உள்ளறையில போட்டிருக்கானுவ தங்கச்சி, வாறவன் என்னைப் பாத்தா வியாபாரம் கெடுமாம்னாரு.

உள்ள விளிச்சாவ. டாக்டர் இளவயசு, தன்மையான ஆள், ஒரு கடுஞ்சொல் சொல்லல்ல, அதுதான் எனக்கு இன்னும் கோவம். படிக்கிற பிள்ளைகள் ஒரு கூட்டம் சுவரோரமா நின்னுது. உன் அப்பாவை நடுவுல நிறுத்தி வச்சுக்கிட்டு என்கிட்ட கேக்குறாவ: தானா உண்பாரா, வேட்டி தானே கட்டுவாரா, ஒண்ணுக்கு வந்தா தெரியுமா. அத்தனை பேர் முன்னால! அவரு கீழே பாத்துக்கிட்டு நிக்காரு. பிறகு ரப்பர் உருண்டையைக் கையில தந்து அமுக்கச் சொன்னாவ, சுண்ணாம்புக் கோட்டு மேல நடக்கச் சொன்னாவ, சாவியைக் காட்டி இது என்ன, சீப்பைக் காட்டி இது என்னன்னு கேட்டாவ. எல்லாத்துக்கும் சரி போட்டுதான். சுவரோரம் நின்ன ரெண்டு பேர் வாயைப் பொத்திச் சிரிச்சாவ. அதுக்கப்புறம் டாக்டர், சீப்பை ஜன்னல்ல வச்சிட்டு சாவியை என் கையில தாங்கன்னு சொன்னதும் உன் அப்பா சீப்பை ஜன்னல்ல வச்சு, சாவியைக் கொண்டு கையில வச்சு, அந்தச் சிரிச்ச பயலுவளை ஒரு பார்வை பாத்தாரு. டாக்டர் இங்கிலீசுல என்னமோ பாடம் நடத்தினாரு. எங்களுக்கும் சொல்லுங்கன்னு கேட்டேன். அம்மா, இவருக்கு எல்லாம் விளங்குது, புத்தியில குறையே இல்ல, நினைக்கிறது நாக்குக்கு வந்து சேரல்ல, அவ்வளவுதான், வாய் சொல்றதை எடுக்காதீங்க, செய்யறதைப் பாருங்கன்னாரு.

இதை எங்க ஊர்ல வந்து ஒரு தடவை சொல்லுங்க டாக்டரேன்னேன். நாளைக்கு வேற ஊருக்குப் போகணும்னாரு. சரி, அப்படின்னா இவரு முன்னே எங்கெங்க போனாரு, இப்போ எங்கெங்க விளிக்க மாட்டேங்கிறாவ, அதைக் கேட்டு எழுதுங்க, இந்த முதலாளிகிட்டயும் கேளுங்க, வெளிய இருக்காளே செல்லக்கனி, அவகிட்டயும் கேளுங்கன்னேன். அது எங்க ஆராய்ச்சிக்குள்ள வராது அம்மா, கை கால் எவ்வளவு திரும்பி வருதுன்னுதான் நாங்க பாக்கிறதுன்னாரு. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிட்டு. கால் திரும்பி வந்து எங்க நடக்கிறது? நடந்த இடத்தை எல்லாம் அடைச்சு வச்சிருக்காவளே, அதை யாரு ஆராயுறதுன்னு கேட்டுட்டேன். வாசல்ல காத்திருந்த முதலாளி உள்ள பாத்து, தங்கச்சி கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சார்னு சத்தம் போட்டாரு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சாரு, அடுத்த ஆளை விளிங்கன்னாரு. எங்க ரெண்டு மணி நேரத்தை வாங்கிட்டு, அடுத்த வருசம் திரும்ப வந்து அளப்போம்னு சொல்லி அனுப்பினாவ. அளக்கட்டும்.

அதுக்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் முதலாளி மாட்டு வண்டியில நம்ம கரைக்கு வர ஆரம்பிச்சாரு. வண்டிக்காரன் தாங்கி இறக்கி வள்ளத்து நிழல்ல உக்கார வச்சிட்டுப் போவான். இவரு பக்கத்துல உக்காருவாரு. அவரு ஊர் உலகத்து நியாயம் எல்லாம் பேசுவாரு, தமிழ்நாட்டோட நம்மளைச் சேர்ப்பானா மாட்டானான்னு, மீன் விலையை, மருமக்களை, எல்லாத்தையும். இவரு கையால மறுப்பு சொல்லுவாரு, மணல்ல கோடு போட்டுக் காட்டுவாரு, ரெண்டு பேருக்கும் சண்டை கூட வரும். ஊர் வேடிக்கை பாத்துது. அதுல ஒருத்தனும் வந்து கூட உக்காரல்ல.

இப்போ கூட்டத்துக்கு வாறேன். துறைக் குத்தகையை மொத்தமா ஒரு கொச்சிக்காரனுக்குக் கொடுக்கணும்னு ஊர்த்தலைவர் சிலுவைதாசன் கொண்டுவந்தாரு. கொடுத்தா பிறகு கரையில ஏலமே கிடையாது, பிடிக்கிற மீன் அத்தனையும் அவனுக்குத்தான், அவன் சொன்னதுதான் விலை. அதுல ஜான்ரோசுக்குக் கொச்சிக்காரன்கிட்ட கணக்கு வேலை தாறதா வாக்கு. இதைக் கேட்டதும் உன் அப்பா முகம் கறுத்துது. முதலாளிக்கும் இதுல சொந்தக் காரியம் உண்டு, ஏலம் நின்னா அவரு மக்கள் வியாபாரம் படுத்துரும், அதை நான் மறைக்கல்ல. ஆனா உன் அப்பாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்ல, அந்தக் கரையில விலை எப்படி நிக்கும்னு தெரிஞ்ச மனுசன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிஞ்சு கூட்டம். காலையிலேயே பெட்டியைக் காட்டி வெள்ளைச் சட்டையை எடுக்கச் சொன்னாரு. ஜான்ரோஸ் வாசல்ல நின்னு, அண்ணே, வீட்டுல கிடன்னு சொல்லிப் பாத்தான், நடக்கல்ல. அங்க போனதும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் தன் பக்கத்துலேயே இருத்திக்கிட்டான். பங்குச் சாமியார் அன்னைக்கு ஊர்ல இல்ல. குத்தகை கொடுக்கலாம்ங்கிறவிய கொடிமரத்துப் பக்கம், வேண்டாம்ங்கிறவிய கடல் பக்கம் போய் நில்லுங்கன்னு தலைவர் சொன்னாரு. கொடிமரத்துப் பக்கந்தான் கூட்டம். ஜான்ரோஸ் உன் அப்பாவைப் பாத்து, இஞ்சேயே இருப்போமா அண்ணேன்னு எல்லாருக்கும் கேக்கும்படியாக் கேட்டான். சரி போட்டு. தலைவர் கணக்கு எழுதுறவன்கிட்ட, மத்தியாஸ் வீடு இந்தப் பக்கம்னாரு.

உன் அப்பா எழும்பினாரு மக்கா. கம்பை ஊணினாரு. ஜான்ரோஸ் தோளைப் பிடிச்சு அமுக்கினான், உதறிட்டாரு. கொடிமரத்தைவிட்டு கடலைப் பாத்து நடக்க ஆரம்பிச்சாரு. அந்த முற்றம் எல்லாம் மணல், வலது கால் புதைஞ்சு புதைஞ்சு இழுபடுது, ஒவ்வொரு எட்டுக்கும் நின்னு மூச்சு வாங்குறாரு, வாய் மட்டும் சரி போட்டு, சரி போட்டுன்னு சொல்லிக்கிட்டே வருது. கொஞ்சப் பேர் சிரிச்சாவ. தலைவர், பாவம், வீட்டுக்குப் போறாரு போல, யாராவது பிடிச்சு விடுங்கடே, கணக்கை நிறுத்தாதேன்னாரு. பொம்பிளைகள் அந்தக் கூட்டத்துக்குள்ள போறதில்ல, நாங்க தென்னைமூட்டுல நிப்போம். நான் போனேன். எப்படிப் போனேன்னு தெரியாது, நடுவுல போய் நின்னேன். அவரு வீட்டுக்குப் போகல்ல, வீடு தெக்க இருக்கு, அவரு போறது மேக்க, கடல் பக்கம்னேன். இவரு வாய் சொல்றதை எடுக்காதீங்க, செய்யறதைப் பாருங்கன்னு டாக்டரே சொன்னாரு, புத்தியில குறையில்லன்னு சொன்னாருன்னேன். எந்த டாக்டர், எங்க சொன்னாரு, சாட்சி யாருன்னு தலைவர் கேட்டாரு. அன்னைக்குக் கூட்டம்னு கேட்டு வந்து, மதிலுக்கு வெளிய வண்டியில இருந்துக்கிட்டு பக்கீர் முகம்மது முதலாளி, நான் சாட்சி, என் காதால கேட்டேன், அல்லா அறிய உண்மைன்னு விளிச்சுச் சொன்னாரு. அடுத்த ஊர்க்காரனுக்கு இஞ்ச என்ன காரியம்னு நாலு பேர் பாய்ஞ்சாவ. உன் சித்தப்பா என்னைப் பாத்து, அண்ணி, அண்ணனைச் சந்தி சிரிக்க வைக்காதேன்னான். சந்தி சிரிக்க வைக்கிறது நீதாம்லேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்.

நாங்க இப்படி சத்தம் போட்டுக்கிட்டு நிக்கும்போது அவரு பாட்டுக்கு நடந்து கடல் பக்கம் போய்ச் சேர்ந்துட்டாரு. திரும்பி எங்களைப் பாத்து நின்னாரு. சட்டை வேர்வையில முதுகோட ஒட்டியிருந்துது. அந்தப் பக்கம் நின்ன, கரையிலிருந்து வலை இழுக்கிற கரமடிக்காரனுவ நகர்ந்து நடுவுல இடம் விட்டானுவ. அதுல ஒரு வயசான ஆள், மத்தியாசை எண்ணாம எங்களையும் எண்ணாதீங்கன்னு சொல்லி மணல்ல உக்காந்துட்டாரு, மத்தவனுவளும் உக்காந்துட்டானுவ. கணக்கு எழுதுறவன் தலைவர் முகத்தைப் பாத்தான், தலைவர் கோயில் கோபுரத்தைப் பாத்தாரு. கடைசியில அவன் எழும்பி வந்து கடல் பக்கத்து ஆளுகளை ஒவ்வொருத்தரா விரல் நீட்டி எண்ணினான். உன் அப்பா நெஞ்சுக்கு நேராவும் விரல் வந்துது.

நாங்க தோத்துட்டோம் மக்கா. குத்தகை கொச்சிக்காரனுக்குத்தான் போச்சு, ஆனி பிறந்ததும் அவன் ஆளு வந்து கரையில தராசு கட்டுவான். எனக்கு அழுகையும் ஆத்திரமும். உன் அப்பா வீட்டுக்கு வந்து சட்டையை அவரே கழற்றிப் போட்டுட்டு, அயலை மீன் குழம்பை ரெண்டாவது தடவையும் வாங்கி உண்டாரு. அடுத்த நாள் கடற்கரையில ரெண்டு கரமடிக்காரன் அவரு பக்கத்துல வந்து உக்காந்து பீடி பத்த வச்சானுவ. அந்த ரெண்டு பேர்தான், ஊர் மாறிப்போச்சுன்னு நினைக்காதே. ஜான்ரோஸ் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல்ல. நேத்து கோயில்ல அந்த ஸ்டூலை நானே எடுத்து வெளிய வச்சிட்டேன், அவரு முன்னால போய் முட்டுகுத்த முடியாம நின்னுக்கிட்டே பூசை கண்டாரு, யார் என்ன செய்வான்னு பாப்போம். பம்பாயில பெரிய பெரிய ஆஸ்பத்திரி இருக்காமே, அங்க விசாரி. கை கால் எவ்வளவு திரும்பிச்சுங்கிறது இல்ல, விழுந்த ஆளு திரும்பவும் ஊருக்குள்ள வந்தாரா, யாரு வரவிட்டா, யாரு விடல்லங்கிறதை ஆராயுற டாக்டர் ஒருத்தராவது உண்டான்னு கேட்டு எழுது. இருந்தா நம்ம கரைக்கு வரச் சொல்லு, நான் கஞ்சி ஊத்துறேன்.

இனி உன் காரியம். உன் கடிதத்துக்குள்ள தனியா ஒரு தாளை மடிச்சு வச்சு, இது அம்மைக்கு மட்டும், அப்பாவுக்கு வாசிக்காண்டாம்னு எழுதியிருக்கியே, பாரசீகத்துல எண்ணெய்க் கம்பெனி வேலைக்கு மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போடப் போறேன்னு. ஜான்ரோஸ் செய்ததுக்கும் நீ செய்ததுக்கும் என்னடே வித்தியாசம்? பெத்த தகப்பன்கிட்ட மறைக்க அவரு என்ன பாலகனா? நான் அந்தத் தாளையும் அவருக்கு ஒரு எழுத்து விடாம வாசிச்சேன். கேட்டுட்டு சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு. மறுநாள் விடிஞ்சதும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, மூணு வருசம்னு நீ எழுதின இடத்துல விரலை வச்சு என்னைப் பாத்தாரு. பிறகு அந்த எழுத்தை உள்ளங்கையால மூடினாரு. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாரு, மேல காட்டினாரு. நீ போறதை அவரு தடுக்கல்ல மக்கா. அந்த மூணு வருசம் தன்கிட்ட இருக்கான்னுதான் கேக்குறாரு. இதுக்கு நான் என்ன பதில் சொல்ல, நீதான் சொல்லணும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால லீவு கேட்டு ஒரு எட்டு வந்து அவரு முகத்தைப் பாத்துக் கேளு, கேட்டுட்டுப் போ.

கம்பளியும் குடையும் இல்லாம மழையில டாக்யார்டுல நிக்காதே, வெளிச் சோறு அதிகம் உண்ணாதே, ஞாயிற்றுக்கிழமை பூசை காணாம இருக்காதே. தேங்காப்பட்டணம் முதலாளி உன்னை விசாரிச்சாரு. உன் தங்கச்சி பிள்ளைக்கு ஞானஸ்நானம் வாற மாசம், பேர் நீ எழுதினா அதை வைக்கிறதா சொல்றா. ஆண்டவர் உன்னை கடல்லயும் கரையிலயும் காக்கட்டும், மாதா உன் கூடவே நடக்கட்டும், எங்க ரெண்டு பேருடைய ஆசீர்வாதமும் உன் தலைமேல இருக்கட்டும். ஒண்ணை மறக்காதே, இனி நீ போடுற கடிதத்துல மேல்விலாசம் மத்தியாஸ் அவர்களுக்குன்னு இருக்கணும், உள்ளயும் அன்புள்ள அப்பாவுக்குன்னே தொடங்கணும். உடைச்சு வாசிக்கிறது மட்டும்தான் என் வேலை.

இப்படிக்கு,
உன் அம்மை,
மத்தியாஸ் பிரகாசியம்மாள்